தோளைப் பிடித்து இழுத்தவர்

"கால்ல ஒண்ணும் இல்லைங்க. நல்லாத்தான் நிக்கிறேன்" என்றாள் வெண்கலம்.

யாரும் அவள் காலைப் பற்றிக் கேட்கவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவாளர், "பரவாயில்லம்மா, இன்னொரு தடவை பாடலாம்" என்று மட்டும்தான் சொல்லியிருந்தார்.

சுவரோர பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவள் நாத்தனார் விரல்விட்டு எண்ணினாள். மூன்றாவது தடவையும் வீண். இன்றைக்குச் சரியாக வராவிட்டால் வேறு குரலைத் தேடிக்கொள்வோம் என்று கம்பெனி மேலாளர் வாசலிலேயே சொல்லிவிட்டார்.

வெண்கலம் என்பது நாடகக் கொட்டகை வைத்த பேர். பதினாறு வயதில் நடிகைகளின் உடுப்புக்கு இஸ்திரி போட வந்தவள். பெட்டி சூடாகும்வரை சும்மா இருக்க மாட்டாள், பாடுவாள். ஒருநாள் ராணி வேஷக்காரிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. படுதாவுக்குப் பின்னால் நின்று இவள் பாட, முன்னால் ராணி வாயை மட்டும் அசைத்தாள். கடைசி வரிசையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தவன்கூட எழுந்து உட்கார்ந்தான்.

"வெண்கலக் கடையில யானை புகுந்த மாதிரி இருக்கே, யாருய்யா அது?" என்றார் பெட்டிக்காரர். ஆர்மோனியம் வாசிப்பவரை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அன்றிலிருந்து பேர் ஒட்டிக்கொண்டது. படுதா இழுக்கிறவருக்கு அந்தச் சத்தத்தின் மேல் ஆசை வந்துவிட்டது. அவர்தான் நாத்தனாரின் அண்ணன். அடுத்த வருஷமே கல்யாணம்.

பிறகு கிராமபோன் பிளேட்டுக் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். அப்போது மைக் கிடையாது. சுவரிலிருந்து பூசணிப்பூ மாதிரி ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குள் பாட வேண்டும். அந்தப் பக்கம் சுழலும் மெழுகுத் தட்டில் ஊசி கீறிக்கொண்டே போகும். தாழ்ந்த வரிக்குக் குழாயை முட்டுகிற மாதிரி நெருங்க வேண்டும். உச்சிக்குப் போகும்போது ஓரடி பின்னால் வர வேண்டும். வராவிட்டால் ஊசி துள்ளும், மெழுகு பாழ்.

பாட்டு மயக்கத்தில் வெண்கலத்துக்கு முன்னும் தெரியாது, பின்னும் தெரியாது. நாலு மெழுகு பாழான பிறகு புருஷன் எழுந்துபோய் அவள் பின்னால் நின்று தோள்களைப் பிடித்துக்கொண்டார். உச்சி வந்தால் இழுத்தார். இறங்கினால் தள்ளினார். பாட்டு ஜம்மென்று பதிந்தது.

"படுதா இழுத்த கை பொண்டாட்டியைச் சும்மா விடுமா?" என்றார் பெட்டிக்காரர்.

"வீட்ல அவ இழுத்த இழுப்புக்கு நான் போறேன். இங்கயாவது நான் இழுத்துக்கிறேனே!"

இப்படியே பன்னிரண்டு வருஷம். முடிவெட்டும் கடை, டீக்கடை, கல்யாண வீடு, எங்கே போனாலும் அவள் பிளேட்டு ஓடியது. தெருவில் அவளைப் பார்த்தால் ஒருவருக்கும் அடையாளம் தெரியாது. "வெங்காயம் என்ன விலை?" என்று வாயைத் திறந்தால் மட்டும் கடைத்தெருவே திரும்பும். கொட்டகைக்கு உடுப்பு தைக்கும் நாத்தனார்தான் அவளுக்கும் சட்டை தைத்தாள். தோள் தையல் மட்டும் இரட்டை. "உங்க அண்ணன் இழுக்கிற இழுப்புக்கு ஒத்தைத் தையல் எந்த மூலைக்கு?" என்பாள் வெண்கலம்.

நாலு மாதத்துக்கு முன்னால், ஒத்திகை நடக்கும்போது, படுதாக் கயிற்றைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்த மனுஷன் எழுந்திருக்கவில்லை.

அதே வருஷம்தான் மைக்கும் வந்தது.

"நகரவே வேணாம்மா. மைக் எல்லாத்தையும் வாங்கிக்கும்" என்று ஒலிப்பதிவாளர் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுக் கொடுத்தார். தலையைத் தலையை ஆட்டினாள். ஆனால் மூன்று தடவையும், உச்சி வந்ததும் கால் தானாகப் பின்னால் போனது. போனதே அவளுக்குத் தெரியவில்லை. "கிணத்துக்குள்ள இருந்து பாடுற மாதிரி விழுது" என்றார் ஒலிப்பதிவாளர்.

கூட வாசிக்க வந்திருந்த பெட்டிக்காரர் மெதுவாகக் கேட்டார். "தங்கச்சி, நகராம நான் வேணா பிடிச்சுக்கட்டுமா?"

வெண்கலம் வேண்டாமென்று தலையசைத்தாள்.

"நான் பிடிக்கிறேன் அண்ணி" என்று நாத்தனார் எழுந்தாள். பின்னால் போய் நின்று தோள்களைப் பிடித்தாள். விரலுக்கடியில் தான் போட்ட இரட்டைத் தையல்.

வேலை ஒன்றே ஒன்றுதான், நகர விடக்கூடாது. பாட்டு ஆரம்பித்தது. கீழ் வரிகள் தேனாக இறங்கின. உச்சி நெருங்கியபோது வெண்கலத்தின் உடம்பு மொத்தமும் அந்தக் கைகள் மேல் சாய்ந்தது. சாய்ந்து, காத்துக்கொண்டு நின்றது. குரல் தயங்கியது. ஏன் இன்னும் இழுக்கவில்லை என்று தோள் கேட்டது.

நாத்தனாரால் முடியவில்லை. இழுத்துவிட்டாள்.

வெண்கலம் பாடினாள். பெட்டிக்காரரின் விரல் ஆர்மோனியக் கட்டையிலேயே நின்றுபோகும்படி பாடினாள். கண்ணாடிக்குள் ஒலிப்பதிவாளர் காதுக்குழலைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"அவ்வளவுதாம்மா" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார்.

வெளியே படியில் உட்கார்ந்து நாத்தனார் விம்மினாள். "என்னாலதான் அண்ணி. கெட்டியாப் பிடிச்சிருக்கணும்."

வெண்கலம் அவள் தலையைத் தடவிக்கொடுத்துக்கொண்டே தெருவைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் எந்தக் கம்பெனிப் படியும் ஏறவில்லை, அடுப்படியில்கூட ஒரு வரி பாடவில்லை. கொட்டகைக்கே திரும்பி இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தாள்.

ஆனால் இப்படித்தான் முடியும் என்று நாத்தனாருக்குக் கிளம்பும்போதே தெரிந்திருக்க வேண்டும். அன்று காலை, "துணைக்கு நானும் வரட்டுமா அண்ணி?" என்று அவள் கேட்டபோது, கண்ணாடி பார்த்துத் தலை சீவிக்கொண்டே வெண்கலம் சொன்னாள்: "நீ எதுக்குடி வேலையைக் கெடுத்துக்கிட்டு? அதான் பின்னால உங்க அண்ணன் நிப்பாரே."