பாசி விலகாத தட்டு

அறிவுச்செல்வி பஸ்ஸில் ஏறினால் அவள் உடம்பு மட்டும்தான் டிக்கெட் எடுக்கும் என்று அவள் வீட்டுக்காரர் ஆண்டனிராஜ் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். பொய்யில்லை. செம்பட்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாளானால், திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் வந்து "அக்கா, எறங்கலையா?" என்று கேட்கும் வரை வேறெங்கோ இருப்பாள். பாதி வழியில் ஒரு கண்மாய் வரும். மழைக்குப் பிறகு பச்சைப் பாசியைப் போர்த்திக்கொண்டு கிடக்கும். சின்ன வயதில் அந்த மாதிரிக் கண்மாயில் கல்லை விட்டெறிந்தது நினைவுக்கு வரும். கல் விழுந்த இடத்தில் பாசி விலகி, கறுத்த தண்ணீர் வட்டமாகத் தெரியும். கொஞ்ச நேரம்தான். பிறகு பாசி சத்தமில்லாமல் நெருங்கி வந்து மூடிக்கொள்ளும்.

அவள் பார்த்த வேலையும் கிட்டத்தட்ட அதுதான். ஒரு தனியார் கால்நடை ஆய்வுக்கூடத்தில் பதினான்கு வருடமாக டெக்னீஷியன். ஆடு, மாடு, பன்றி என்று எதற்கு வயிறு போனாலும் கழிச்சலைப் பஞ்சில் தொட்டு அனுப்புவார்கள். அதிலிருந்து கிருமியைப் பிரித்து, உள்ளங்கை அகலத் தட்டில் பூசி, மேலே பொட்டு அளவு மருந்து வில்லைகளைப் பதித்து, கதகதப்பான பெட்டிக்குள் வைப்பாள். மறுநாள் காலையில் தட்டு முழுக்கக் கிருமி மங்கலாகப் படர்ந்திருக்கும். மருந்துக்குக் கட்டுப்பட்டால் வில்லையைச் சுற்றித் தெளிந்த வட்டம் இருக்கும். கட்டுப்படாவிட்டால் கிருமி வில்லை வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்த வட்டங்களை அளந்து எழுதுவது அவள் உத்தியோகம். அளப்பதற்கு முன்னால் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து மெய்மறந்து பார்ப்பது அவள் சொந்த ஆசை. மேலதிகாரி முறைப்பார். முறைத்துவிட்டுப் போகட்டும்.

அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் அவளுக்கு ஒன்று தெரிந்தது. வட்டங்கள் வருடத்துக்கு வருடம் சுருங்கிக்கொண்டே வந்தன.

ஆண்டனிராஜின் அக்கா ஜோஸ்பின், செம்பட்டிக்கு வெளியே தென்னந்தோப்பை ஒட்டிப் பன்றி வளர்த்தாள். ஆறு தாய்ப்பன்றிகள். அவற்றிடம் காட்டும் மரியாதையில் பாதியைக்கூட மனுஷரிடம் காட்டமாட்டாள். அந்தப் பக்கம் பன்றி வளர்க்கும் வீடு மூன்று. மூன்றுக்கும் ஒரே மருந்து பாட்டில். குட்டிகளுக்கு வயிறு போனால், உறை மோர் வாங்குவது போல ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் பாட்டில் போகும். கழிச்சல் நின்றதும் மருந்தையும் நிறுத்திவிட்டு, மிச்சத்தை அடுத்த ஈத்துக்கு எடுத்து வைப்பார்கள். நன்றாக இருக்கிற குட்டிகளுக்கும் எதற்கும் இருக்கட்டும் என்று தண்ணீரில் ஒரு மூடி ஊற்றுவார்கள்.

பாட்டில் தீர்ந்தால் திண்டுக்கல்லில் வாங்கி, டிபன் பையில் வைத்துக் கொண்டுவந்து கொடுப்பது யார்? நம் அறிவுச்செல்விதான். காலையில் வட்டத்தை அளந்த அதே கை. அரைகுறையாகக் கொடுத்தால் தப்பிப் பிழைத்த கிருமி மருந்துக்கு அடங்காததாகப் பெருகும் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். நாத்தனாரிடம் யார் வாயைக் கொடுப்பது என்று, அந்த எண்ணம் வரும்போதெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

இந்த ஐப்பசியில் ஜோஸ்பினின் தாய்ப்பன்றி ஒன்று பதினோரு குட்டி போட்டது. நாலாம் நாள் குட்டிகள் மஞ்சளாகத் தண்ணீர் போலக் கழிய ஆரம்பித்தன. பாட்டில் வந்தது, நிற்கவில்லை. டாக்டர் வந்து ஊசி போட்டார், அதற்கும் நிற்கவில்லை. அறிவுச்செல்வியே பஞ்சில் தொட்டு எடுத்துப் போனாள்.

மூன்றாம் நாள் காலையில் தட்டைத் தூக்கிப் பார்த்தாள். ஆறு வில்லைகள். ஐந்தைச் சுற்றி மயிரிழை இடைவெளிகூட இல்லை. கல் விழுந்ததே தெரியாத கண்மாயாக இருந்தது தட்டு. அதற்குள் தான் மெல்ல மெல்ல இறங்குவது போலவும், தலைக்கு மேல் பாசி மூடுவது போலவும் அவளுக்குத் தோன்றியது. ஆறாவது வில்லையைச் சுற்றி மட்டும் அகலமாக ஒரு வட்டம் தெளிந்து கிடந்தது.

ஆறாவது, கால்நடைகளுக்குக் கொடுப்பதற்கான மருந்து இல்லை. மனிதர்களுக்கு வேறு எதுவும் பலிக்காதபோது கொடுப்பது. அதுவும் கைவிட்டுப் போய்விட்டதா என்று பார்க்கத்தான் அந்த வில்லையை வைத்தார்கள். அந்த மருந்தின் பேர் அவளுக்கு ஒன்பது வருடமாக மனப்பாடம்.

ஜோஸ்பின் ஒன்பது மணிக்கே ஆய்வுக்கூடத்து வாசலில் வந்து நின்றாள்.

"என்ன செல்வி, மருந்து தெரிஞ்சிருச்சா? நேத்து ஒண்ணு, இன்னைக்கு விடியக்கால ஒண்ணு போச்சு. ஒம்போதுதான் இருக்கு."

எந்த மருந்துமே கேட்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அறிவுச்செல்விக்கு ஏனோ அன்றைக்கு மறைக்க மனசு வரவில்லை. தட்டை எடுத்துவந்து காட்டினாள்.

"அஞ்சு மருந்து கேக்கல மதினி. நம்ம பாட்டில்ல இருக்கறதும் அதுல ஒண்ணு."

"இது மட்டும் வட்டமா தெளிஞ்சு கெடக்கு?"

"அது கேக்கும்."

"அப்பறம் என்ன? பேர எழுதிக் குடு. தம்பி மதுரைக்குப் போயாச்சும் வாங்கியாந்துருவான்."

"அதக் குடுக்கக் கூடாது மதினி."

"ஒம்போது உசுரு, செல்வி. கண்ணு முன்னால வத்திப்போய்க் கெடக்குதுக. கூடாதுங்கற."

அறிவுச்செல்வி ஆறாவது வில்லையை விரலால் சுட்டிக் காட்டினாள்.

"நம்ம ரோசலினுக்குக் கண்ணாடி ரூமுக்குள்ள வச்சு ஏத்துனாகல்ல, பத்தொம்போது நாளு. அந்த மருந்துதான் இது. அவளுக்கு மத்தது எதுவும் கேக்கல. இதையும் நம்ம பாட்டில் மாதிரி ஆக்கிட்டம்னா, அடுத்தாப்ல ஒரு புள்ளைக்குக் குடுக்க ஒண்ணுமே இல்ல மதினி."

அறிவுச்செல்வியின் மகள் ரோசலின் ஏழாம் மாதத்திலேயே பிறந்தவள். அப்போது அறிவுச்செல்வி எழுந்திரிக்க முடியாமல் கிடந்தாள். பத்தொன்பது நாளும் கண்ணாடிக்கு வெளியே ஜெபமாலையோடு நின்றவள் ஜோஸ்பின். ஒரு சாண் உடம்பு மூச்சு விடுகிறதா என்று கண் கொட்டாமல் பார்த்தவளும் அவள்தான்.

ஜோஸ்பின் தட்டைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"பாட்டிலக் கொண்டாந்து கொண்டாந்து குடுத்தவ நீதான?"

"நாந்தான். தெரிஞ்சேதான் குடுத்தேன்." வெட்கத்தில் அவளுக்குக் கண் கலங்கியது.

"நானுந்தான் ஊத்துனேன்." ஜோஸ்பின் தட்டை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தாள். "வேணாம். அது கண்ணாடி ரூமுப் புள்ளைகளுக்கே இருக்கட்டும்."

அறிவுச்செல்வி லீவு போட்டாள். டாக்டர் போனில் சொல்லச் சொல்ல, தரையைக் கழுவிச் சுண்ணாம்பு தெளித்து, காய்ந்த வைக்கோல் பரப்பி, பல்ப் கட்டிச் சூடு கொடுத்தார்கள். உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரை ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்துச் சொட்டுச் சொட்டாகப் புகட்டினார்கள். மத்தியான வெயில் ஓலைக் கீற்றுக்குள் பொட்டுப் பொட்டாக விழுந்தது. வெளியே தோப்பு அசையும்போது அந்தப் பொட்டுகளும் குட்டிகளின் மேல் அசைந்தன. மடியில் கிடப்பது குட்டியா, ஒன்பது வருடத்துக்கு முந்திய தன் பிள்ளையா என்று அறிவுச்செல்விக்குச் சில நேரம் பிடிபடவில்லை. எட்டு நாளில் இன்னும் ஐந்து போய்விட்டன. நான்கு எழுந்து நின்று பால் குடித்தன.

நடுவில் ஒரு நாள், அடுத்த வீட்டுப் பொம்மையன் பாட்டில் கேட்டு வந்தார்.

"அந்த மருந்து செத்துப்போச்சு, பொம்மையா," என்றாள் ஜோஸ்பின். "நம்மதான் கொன்னுட்டம். மொதல்ல தொழுவக் கழுவிக் காயப் போடு. நானும் வாரேன்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த ரோசலின், கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நேராகத் தொழுவத்துக்கு ஓடினாள். எட்டிப் பார்த்து விரல் விட்டு எண்ணினாள்.

"நாலுதான் இருக்கு. மத்ததெல்லாம் எங்க, அத்த?"

ஜோஸ்பின் சுண்ணாம்புக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, பிள்ளையின் முகத்தை இரண்டு கையிலும் ஏந்தினாள். மூச்சு வருகிறதா என்று பார்ப்பவளைப் போல அவளையே பார்த்தாள்.

"இங்கனதான் இருக்கு," என்றாள்.

ரோசலின் சுற்றுமுற்றும் தேடினாள். அறிவுச்செல்வி தேடவில்லை. மகளையும் நாத்தனாரையும் பார்த்தபடி அங்கேயே நின்றாள்.