எண்ணெய் வைக்காத தலை: மாமல்லபுரத்துக்கு மூன்று வியாழக்கிழமைகள்

சிற்பம் பார்க்க மாமல்லபுரம் போகிறவர்களுக்கு இந்தப் பதிவு உதவாது. பக்கவாதம் வந்தவரைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்காக எழுதுகிறேன். என் கணவருக்குப் போன ஆடியில் வலது பக்கம் விழுந்தது, பேச்சும் போயிற்று. கடற்கரைச் சாலையில் ஒரு மையத்தில் கண்ணில் திரை மாட்டி, விளையாட்டு போலப் பயிற்சி தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, மாசியில் மூன்று வியாழக்கிழமை போய்வந்தோம்.

செங்கல்பட்டில் காலை ஏழரைக்குக் கிளம்பினோம். பஸ் ஏற அவரால் முடியாது, அதனால் ஆட்டோ. காத்திருப்பும் சேர்த்துப் போக வர ஆயிரத்து இருநூறு ரூபாய். திருக்கழுக்குன்றம் வரை பதினாலு கிலோமீட்டர், அங்கிருந்து மாமல்லபுரம் பதினைந்து, பிறகு வடக்கே நான்கு. ஒன்றேகால் மணி நேரம் ஆகும். ஓட்டுநர் கன்னியப்பன் வாயாடி. ஆனால் அன்று என் வாய்தான் ஓயவில்லை. "விரலை மடக்குங்க, நீட்டுங்க" என்று இவரிடம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

"யக்கா, அண்ணாத்த கொஞ்சம் காத்து வாங்கிகினு வரட்டுமே" என்றார் கன்னியப்பன்.

எனக்குச் சுருக்கென்றது. "நீங்க ரோட்டைப் பாத்து ஓட்டுங்க" என்றேன்.

மையத்தில் நித்யா என்ற பெண் சிகிச்சை தருகிறாள். தலையில் சென்சார் வைத்த தொப்பி மாட்டுவாள். ஆள் மனசு வைத்துச் செய்கிறாரா, கடனே என்று செய்கிறாரா என்று மூளையில் ஓடும் மின்சாரத்தை வைத்துக் கணினியில் ஒரு கோடு காட்டும். வாய் பேசாதவரிடம் வேறு எப்படிக் கேட்பது? மூன்று முறை பார்ப்போம், மனசு ஈடுபடவில்லையென்றால் இந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள்.

"அம்மா, தலைக்கு எண்ணெய் வெச்சீங்களா?"

வைக்காமல்? ஊருக்குப் போகிற மனுஷனை வறட்டுத் தலையோடு அனுப்புவேனா? உள்ளங்கை நிறைய ஊற்றித் தேய்த்து, வகிடு எடுத்துச் சீவியிருந்தேன். அந்த எண்ணெயில் சென்சார் சரியாகப் பதியவே இல்லை. கோடு கண்டபடி குதித்தது. அறுபத்தாறு கிலோமீட்டர் வீண். திரும்பும்போது வழியெல்லாம் அழுதேன்.

அடுத்த வாரம் ஷாம்பூ போட்டுக் கூட்டிப்போனேன். திரைக்குள் மாந்தோப்பாம். விழும் மாங்காயை, மேசைமேல் வலது கையை நகர்த்திப் பிடிக்க வேண்டும். நான் பக்கத்திலேயே நின்று, "இதோ வருது, புடிங்க! ஐயோ, விட்டுட்டீங்களே!" என்று கத்தினேன். மூன்றுதான் பிடித்தார். கோடு தரையோடு படுத்துக் கிடந்தது. "அடுத்த வாரம்தாம்மா கடைசி" என்றாள் நித்யா.

மூன்றாம் வாரம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் என்னைக் கணினிப் பக்கம் கூப்பிட்டாள். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. நீங்க பேசுறப்பல்லாம் கோடு எறங்குது, பாருங்க. கொஞ்சம் வெளியே உக்காருறீங்களா?"

நானா? ஏழு மாதமாக ஊட்டி, குளிப்பாட்டி, பேசிப் பேசித் தொண்டை கட்டினவள் நான். வாசலில் சவுக்கு மரத்தடி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். கன்னியப்பன் டீ வாங்கி வந்து கையில் கொடுத்தார். தள்ளிப்போய் ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டார்.

நாற்பது நிமிடம் கழித்து நித்யா ஓடி வந்தாள். "பதினேழு மாங்காய்மா! ஏறின கோடு எறங்கவே இல்ல. சேத்துக்கலாம்."

பெருமாளே என்று கும்பிட்டேன். கும்பிட்ட கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். திரும்பும்போது நான் வாயைத் திறக்கவில்லை. திருக்கழுக்குன்றம் வரும் முன்னே, அவருடைய வலது கை ஆள்காட்டி விரல் தானாக ஒருமுறை மடங்கி நிமிர்ந்தது. பார்த்தும் பார்க்காததுபோல் ரோட்டைப் பார்த்துக்கொண்டேன்.

போகிறவர்களுக்கு: முந்தின நாளே தலையை நன்றாக அலசிவிடுங்கள், எண்ணெய் கூடாது. துண்டும் மாற்றுச் சட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். பத்து மணிக்கு மேல் அந்த பெஞ்சில் வெயில் அடிக்கும், குடை வேண்டும். துணைக்கு வருகிறவர்கள் வெளியே உட்காரப் பழகிக்கொள்ளுங்கள்.

வீட்டிலும் நான் பேச்சைக் குறைத்துவிட்டேன். அவரால் பேச முடியாது, நான் பேசுவதில்லை. மத்தியானம் முழுக்க ஃபேன் சத்தம்தான் கேட்கிறது. அவர் விரல் இப்போது நன்றாகவே மடங்குகிறது.