மாட்டேன் என்று சொல்லப் பழகியது

கண்ணமங்கலத்தைத் தாண்டி ஆரணி சாலையோரம் இருந்த லாரி ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு நாற்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முன் எங்கள் மலையில் புளி மூட்டையும் சாமை மூட்டையும் ஏற்றி இறக்கும் சின்ன வண்டி ஓட்டினேன். பிறகு ஹெவி லைசென்ஸ் எடுத்துக் கொஞ்ச காலம் செங்கல் லாரி. இங்கே ஓட்ட வேண்டியது டிரெய்லர். பக்கப் பலகை கிடையாது, பின்கதவு கிடையாது. கேபினுக்குப் பின்னால் ஓர் இரும்புத் தடுப்பு, அதிலிருந்து கடைசிவரை வெறும் தட்டு. சுவர் எழுப்புவதற்கு முன் போட்டுவைத்த வீட்டுத் தரை மாதிரி இருந்தது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சில நாள் பயிற்சி கொடுத்த பிறகுதான் சாவி தருவார்கள். நாங்கள் ஆறு பேர். பயிற்சி கொடுத்தது ஒரு பெண். கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி, என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். முதல் நாள் முழுக்க பெல்ட் கட்டுவது, சங்கிலி போட்டு முறுக்குவது, லோடுக்கு அடியில் கட்டை வைப்பது என்று போனது. அதெல்லாம் கைக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. கம்பி லோடைப் பற்றி அவர் சொன்னதுதான் மனதில் நின்றது.

"நீங்க பிரேக் போட்டா வண்டி நிக்கும். கம்பி நிக்காது. தடுப்புக்கு மேல ஒரு கட்டு உசந்திருந்தாலும் அது நேரா உங்க முதுகுக்குத்தான் வரும். அந்த மாதிரி ஏத்தினா எடுக்க மாட்டேன்னு சொல்லிடணும்."

மறுநாள் காலை எங்களை வட்டமாக நிற்க வைத்தார்.

"இப்ப நான்தான் குடோன் சூப்பர்வைசர். லோடு சரியில்ல. ஒவ்வொருத்தரா வந்து எடுக்க மாட்டேன்னு எங்கிட்ட சொல்லுங்க."

முதலில் போனவர் கணியம்பாடிப் பக்கத்துக்காரர். பல வருஷம் கம்பி லோடு ஓட்டியவர், கம்பெனிக்குத்தான் புதிது. நல்ல உயரம், அதற்கேற்ற குரல். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இந்த லோட நான் எடுக்க மாட்டேன். இன்னா பண்ணுவ? கூப்புடு உங்க ஓனர!" என்று அதட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். "இவ்ளோ கோவம் வேணாம்ணா" என்று மேடமும் சிரித்தார்.

என் முறை வந்தது. அவர் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, "இன்னாய்யா நிக்கிற? பின்னால வண்டிங்க நிக்குது. எடு, எடு!" என்றார்.

"சரிங்க மேடம்" என்றேன்.

ஷெட்டே சிரித்தது. மறுபடி சொல்லச் சொன்னார். "பாக்கலாங்க" என்றேன். இன்னொரு தடவை, "கொஞ்சம் உசரமா இருக்குற மாதிரி தெரியுதுங்க. நீங்களே பாத்து சொல்லுங்க" என்றேன்.

"முடிவ எங்கிட்டயே விட்டுட்டீங்களேண்ணா" என்றார் அவர். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

சாயங்காலம் ஷெட்டுக்கு வெளியே உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். மலைமேல் நெல்லிவாசல்நாட்டில் என் ஊரில் யாரும் யாரிடமும், அதுவும் கீழேயிருந்து வருகிற ஆளிடம், முகத்துக்கு நேராக மாட்டேன் என்று சொல்லி நான் கேட்டதில்லை. புளி வாங்க வருகிறவரிடமும் சரி, ஆபீஸில் இருந்து வருகிறவரிடமும் சரி, "சரிங்க" என்போம். பிடிக்கவில்லை என்றால் மறுநாள் போகாமல் இருந்துவிடுவோம். தேடி வந்தால் காட்டுப் பக்கம் போயிருப்போம். எங்கள் மறுப்பெல்லாம் அப்படி ஆள் இல்லாமல் போவதுதான். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படிக் காணாமல் போக முடியாது.

என் மனைவி சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு வந்து போன் செய்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"எங்கிட்ட சொல்லிப் பாரு. ஞாயித்துக்கெழம வரும்போது எங்கம்மா வூட்டுக்கும் ஒரு எட்டு போய்ட்டு வா."

"மாட்டேன்."

"எங்கிட்ட மட்டும் நல்லா வருதே" என்று போனை வைத்துவிட்டாள்.

பயிற்சியின் கடைசி நாள் நிஜ லோடு. வேலூருக்கு வெளியே ஒரு குடோனில் கம்பி ஏற்றி வர என்னையும் கணியம்பாடிக்காரரையும் அனுப்பினார்கள். அன்று நான் டிரைவர், அவர் துணை. கிரேன் ஒவ்வொரு கட்டாக இறக்கியது. கடைசி இரண்டு கட்டுகள் தடுப்பைத் தாண்டி மேலே நின்றன. நான் அவரைப் பார்த்தேன். அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேல ரெண்டு கட்டு உசந்து நிக்குதுண்ணா."

"தெரியுது. இங்க எப்பவும் இப்டித்தான். மெதுவா போலாம் வா. சூப்பர்வைசர்கிட்ட மொறச்சிக்கினா அடுத்த தபா நாள் பூரா நிக்க வெச்சிடுவான்."

அவர் பயந்து சொல்லவில்லை. தெரிந்து சொன்னார். அதனால்தான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. சூப்பர்வைசர் பிளாஸ்டிக் நாற்காலியில் டீ குடித்துக்கொண்டிருந்தார். போய் நின்றேன்.

"இன்னா?"

"மேல இருக்குற ரெண்டு கட்ட எறக்கணுங்க."

"எல்லாரும் அப்டியேதான் எடுத்துனு போறாங்க. நீ இன்னா புதுசா?"

"ஆமாங்க. நான் எடுக்க மாட்டேங்க."

குரல் எனக்கே கேட்கவில்லை. "இன்னா?" என்று காதை நீட்டினார். ஒரு தடவை சொல்லிவிட்டால் முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். இரண்டாவது தடவையும் சொல்ல வேண்டியிருந்தது. அப்போது குரல் அதிகமாகிவிட்டது. கிரேன்காரர் திரும்பிப் பார்த்தார்.

எங்கள் மேனேஜருக்குப் போன் போனது. அவர் என்னிடம் பேசினார். "எடுக்க முடியாதா, எடுக்க மாட்டியா?"

"மாட்டேங்க சார். பிரேக் போட்டா உள்ள வந்துடும்."

"சரி, அங்கியே இரு" என்றார். வண்டியை மூலையில் போடச் சொன்னார்கள். பின்னால் வந்த வண்டிகளெல்லாம் ஏற்றிக்கொண்டு போயின. வெயில் சாய்ந்த பிறகு கிரேன் வந்து அந்த இரண்டு கட்டையும் எடுத்துக்கொண்டு போனது. பெல்ட்டை மறுபடி இறுக்கிக்கொண்டு கிளம்பினோம்.

வழியில் ஒன்றும் நடக்கவில்லை. மாடு குறுக்கே வரவில்லை, பைக் எதுவும் புகுந்து வரவில்லை. ஒரு இடத்தில்கூட அழுத்திப் பிரேக் போடவில்லை. அந்த இரண்டு கட்டும் இருந்திருந்தாலும் பத்திரமாகத்தான் வந்து சேர்ந்திருப்போம் என்று எனக்கே தோன்றியது. பாதி தூரம் வந்த பிறகுதான் கணியம்பாடிக்காரர் வாயைத் திறந்தார்.

"ஷெட்டுல கத்தினேனே, அது சும்மா. நெஜத்துல ஒரு தபாகூட நான் சொன்னதில்ல."

பதில் எதிர்பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வேலையில் என்னை வைத்துக்கொண்டார்கள். குடோனைப் பற்றி மேனேஜர் அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் புறப்பட்டேன். திருப்பத்தூர் போய், மலை பஸ் ஏறி, பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஷேர் ஜீப். ஜீப் ஓட்டுகிறவர் எனக்கு மாமா முறை. உள்ளே பெண்கள் மடியில் பையும் குழந்தையுமாக நெருக்கிக்கொண்டிருந்தார்கள். மேலே ஆட்கள், முன்னால் அவருக்கு இரண்டு பக்கமும் ஆட்கள். நான் பின்படியில் ஒற்றைக் காலில் தொங்கினேன். எத்தனையோ வருஷம் இப்படித்தான் போய் வந்திருக்கிறேன். அன்று மட்டும் ஒவ்வொரு வளைவிலும் பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். கடைசி ஏற்றத்துக்கு முன்னால் வண்டியைத் தட்டி இறங்கிக்கொண்டேன்.

"இன்னாப்பா, ஏன் எறங்கிட்ட?"

"காலு மரத்துப்போச்சு மாமா. நடந்து வர்றேன்."

அது பொய். ஜீப் முக்கி முனகி மேலே ஏறுவதைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்தேன். ஊர் முனையில் எல்லோரும் நல்லபடியாக இறங்கி மூட்டைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மாமா என்ஜின் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"அடுத்த தபா ஒரு நாலு பேர கொறச்சி ஏத்து மாமா."

அவர் கோபப்படவில்லை. தண்ணீர் கேனைக் கீழே வைத்துவிட்டு, இறங்கி நின்றவர்களைக் கையால் காட்டினார்.

"இதுக்கப்புறம் வேற வண்டி இல்ல. அந்த நாலு பேரு யாருன்னு நீயே சொல்லு."

இறங்கி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன். கேனை எடுத்து மீதித் தண்ணீரை நானே ஊற்றிக் கொடுத்தேன்.