பால் சுரக்காத செந்நாய்

லேப்டாப்பில் செந்நாய் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. கல்லூரி ஆய்வுக்காகக் காட்டுக்குள் மரத்தில் கட்டிவைத்த கேமராவில் பதிவானது. வேட்டை முடிந்து திரும்பிய ஒரு பெண் நாயைக் குட்டிகள் சூழ்ந்து வாயை நக்க, அது தின்றதைக் கக்கிக் கொடுத்தது. அண்ணனின் கைக்குழந்தையை இடுப்பில் வைத்தபடி அக்கா எட்டிப் பார்த்தாள்.

"இதுதான் அம்மாவாடி?"

"நானும் அப்படித்தான்க்கா நெனச்சேன். நிறுத்தி நிறுத்திப் பாத்தா இதுக்கு மடியே எறங்கல. பால் இல்ல. அம்மா அதோ, நெழல்ல படுத்திருக்கு."

"அப்ப இதுக்குக் குட்டி?"

"பெரும்பாலும் கூட்டத்துல ஒண்ணுதான் குட்டி போடும். மத்ததெல்லாம் வளத்துக் குடுக்கும்."

அக்கா தோளில் கிடந்த துண்டால் குழந்தையின் கடைவாயைத் துடைத்தாள். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. தடுப்பூசி போடும் இடத்தில் நர்ஸ் அவளைப் பார்த்துத்தான், "அம்மா, புள்ள கையப் புடிங்க" என்பார். அவளும் ஒருமுறைகூடத் திருத்தியதில்லை.

அண்ணிக்குத் தாய் இல்லை. அதனால் பேறுகாலம் மாரண்டஹள்ளியில் எங்கள் வீட்டிலேயே. அண்ணனும் அண்ணியும் விடிவதற்குள் தக்காளித் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். நான் கல்லூரி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவேன். அம்மாவுக்கு முட்டிவலி. மிச்சம் இருந்தது அக்காதான்.

கடத்தூரில் உரக்கடை வைத்திருந்தவர் வீட்டிலிருந்து அவளைக் கேட்டு வந்தார்கள். "மருமவளுக்குப் பேறுகாலம் ஆவட்டுங்க" என்றாள் அம்மா. சரி என்றார்கள். பிறந்ததும், "தல நிக்கட்டுங்க" என்றாள். தலை நின்றது. "தவழட்டுங்க." அவன் தவழ ஆரம்பித்தபோது கடத்தூர்க்காரருக்கு வேறு இடத்தில் முடிந்துவிட்டது.

ஆப்பிரிக்கப் பாலைநிலத்தில் கீரி இனம் ஒன்று உண்டு. அதில் தலைமைப் பெண், கருவுற்ற இளையவளைக் கடித்துக் கூட்டத்தைவிட்டே துரத்தும். செந்நாய்களிடம் அவ்வளவு ரகளை கிடையாது. எங்கள் வீட்டிலும் யாரும் அக்காவைக் கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை. எல்லோருக்கும் அவள்மேல் பிரியம்தான். அந்தப் பிரியத்திலேயே காரியம் நடந்துவிட்டது.

அன்று சாப்பிடும்போது இதை அப்படியே கொட்டினேன்.

"கூடப் பொறந்தவள நாயின்னு சொல்லத்தான் இவள எம்எஸ்ஸி படிக்க வெச்சமா?" என்று அண்ணன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அண்ணி மட்டும் சிரிக்காமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

கை கழுவப் போன அக்காவின் பின்னாலேயே போனேன். "கடத்தூர்க்காரர உனக்குப் புடிச்சிருந்துச்சா?"

"இப்ப கேக்கற." குழாயை மூடினாள். "போன்ல ஒருவாட்டி பேசுனாரு. கடையில கணக்கு பாக்க வரீங்களான்னு கேட்டாரு. யாரும் என்னைய அப்படிக் கேட்டதில்ல."

துணைக்கு நிற்கும் செந்நாய் என்றைக்கும் துணைதான் என்றில்லை. வேறு துணை கிடைத்தால் பிரிந்து போய்த் தனக்கென்று கூட்டம் அமைக்கும். பரீட்சையில் இதை எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். அவள் போயிருந்தால் இடுப்புப் பிள்ளை யார் இடுப்புக்கு வந்திருக்கும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. என் கல்லூரி பஸ் ஓடியதே அவள் வீட்டோடு இருந்ததால்தான்.

இப்போது கம்பைநல்லூரிலிருந்து ஒரு வீட்டார் ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்கிறார்கள். அம்மா தொடங்கிவிட்டாள்: "பையன் நடக்கட்டுமே."

"அவன் நடக்கட்டும், ஓடட்டும். நான் பாத்துக்கறேன். அவங்கள வரச் சொல்லு" என்றேன்.

"நீயா? புள்ளைய நேராத் தூக்கத் தெரியுமாடி ஒனக்கு?"

தெரியாதுதான். நேற்று குளிப்பாட்டப் போய் அவன் கத்திய கத்தலில் அக்கா ஓடி வந்து வாங்கிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை கேமராவின் மெமரி கார்டை மாற்றக் காட்டுக்குப் போக வேண்டிய முறை என்னுடையது. கூடப் படிக்கிறவளைப் போகச் சொல்லிவிட்டேன். அதற்குள் அவன் என் தோளில் தூங்கப் பழக வேண்டும். வந்தவர்கள் முன்னால் அக்கா பிள்ளை இல்லாத இடுப்போடு உட்கார்ந்து, அவர்கள் கேட்பதற்குத் தானே பதில் சொல்ல வேண்டும். இன்று சாயங்காலம் மறுபடி தூக்கிப் பார்க்கப் போகிறேன், அக்காவின் அந்தத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு.