சட்டைப் பையில் இருந்த முறுக்கு

பிள்ளைகளே, நான் நடுவில் கொஞ்ச காலம் ஏன் லோரி ஓட்டவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அதைச் சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். மலைமேல் இருந்த தோட்டத்துத் தேயிலையை ரிங்லெட் வழியாக, அடிவாரத்துத் தாப்பாவுக்கு இறக்குவது என் வேலை. உடம்பு பெருத்து, இரத்த அழுத்தமும் ஏறியிருந்தது. வளைவில் ஸ்டீயரிங்கை ஒடித்தால் வயிறு இடிக்கும். தானா ராத்தா ஆஸ்பத்திரி டாக்டர், தீபாவளி கழித்து வா, எடை குறைந்திருந்தால்தான் லோரி ஓட்டக் கையெழுத்துப் போடுவேன் என்றார். கையெழுத்து இல்லையென்றால் லோரி வேறு ஆளுக்குப் போய்விடும்.

தேநீரில் சீனியை விட்டேன். ராத்திரி சோற்றை விட்டேன். காற்சட்டை தளர்ந்து, உங்கள் அம்மா பிடித்துத் தைத்துக் கொடுத்தாள். பிறகு தீபாவளி வந்தது.

அன்றைக்கு ஒரு வீட்டுக்குள் போனால், தட்டில் இருப்பதில் ஒன்றையாவது வாயில் போடாமல் வெளியே வர முடியாது. டாக்டர் பேச்சை எடுத்தால் சிரிப்பார்கள். ஒன்று தின்றால் செத்தா போய்விடுவாய் என்பார்கள். அதனால் மேல் லயத்தில், நாம் குடியிருந்த அந்த வரிசை வீடுகளில், ஒரு தந்திரம் செய்தேன். முறுக்கை எடுப்பேன், பேச்சுக் கொடுப்பேன், அவர்கள் திரும்பும்போது சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வேன்.

கடைசியாகக் கீழ் லயம். என் லோரியில் மூட்டை ஏற்றி இறக்கும் கெலிண்டான் அங்கேதான் இருந்தார். மேல் லயத்து ஆட்கள் அந்த வீடுகளின் வாசலில் நின்று பேசுவார்கள், ஒன்றையும் வாயில் வைக்கமாட்டார்கள். சாதிதான் காரணம். யாரும் வெளியே சொல்லமாட்டார்கள். எனக்கு அந்த எண்ணம் இல்லை. கடைகளில் நானும் அவரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவோம். ஆனால் அவர் வீட்டுக்குள் அன்றைக்குத்தான் முதல் தடவை போனேன்.

அவர் மனைவி அதிரசத் தட்டோடு எதிரிலேயே நின்றார். ஒளிக்க வழியில்லை.

"வேணாம்மா, டாக்டரு வேணாம்னுட்டாரு."

அந்த அம்மா தட்டைத் தாழ்த்திக்கொண்டார். கெலிண்டான் என் சட்டைப் பையைப் பார்த்தார். எண்ணெய் ஊறி, முறுக்கு துருத்திக்கொண்டிருந்தது.

"மேல் லயத்துல எடுத்துக்கிட்டீங்க. டாக்டரு எங்க வீட்ட மட்டுந்தான் வேணாம்னாராண்ணே?"

கோபமாகக் கேட்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சாப்பிட்டேன். இரண்டாவதும் வைத்தார்கள். அதற்குள் பக்கத்து வீட்டம்மா, இங்கே சாப்பிட்டவர் எங்கள் வீட்டிலும் சாப்பிடுவார் என்று கூப்பிட வந்துவிட்டார். எப்படி மறுப்பது? அந்த வாரம் முழுக்கக் கீழ் லயத்திலிருந்து நம் வீட்டுக்குப் பலகாரம் வந்தது. கொண்டுவந்தவர்கள் நான் வாயில் வைக்கும்வரை நகரவில்லை.

ஆஸ்பத்திரி தராசில் முள் பழைய இடத்துக்கே வந்து நின்றது. உன்னால் வாயைக் கட்ட முடியாதா என்று டாக்டர் கேட்டார். இதையெல்லாம் அவருக்கு எப்படிச் சொல்வது? தலையை ஆட்டிவிட்டு வந்தேன். தோட்ட ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி லோரிச் சாவியை வாங்கிக்கொண்டு, பேக்டரியில் பெட்டி தூக்கச் சொன்னார்.

முதல் நாள் வேலை முடிந்து வெளியே உட்கார்ந்திருந்தேன். கெலிண்டான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார்.

"மனசு ஒடஞ்சி போயிருப்பீங்கன்னு வீட்ல சொல்லிச்சு. ஒங்களுக்குன்னே சுட்டுக் குடுத்துச்சுண்ணே."

திறந்தேன். அதிரசம். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எடுத்துக் கடித்தேன்.