சாக்கடை ஓரம் கொட்டிய மலைத்தேன்

ஐம்பதுகளின் நடுவில், ஒரு பங்குனித் திருவிழாவின்போது நடந்தது இது. நாங்கள் போடிநாயக்கனூரில் ஏலக்காய் மண்டிகளுக்குப் பின்னால் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் மண்டியில் மூட்டை தூக்குவார். திருவிழாக்களில் இளவட்டக்கல் தூக்குவார். தேவாரம், பொட்டிபுரம் என்று சுற்றுவட்டாரத்தில் எங்கே போட்டி வைத்தாலும், கல்லைத் தோளுக்கு ஏற்றிப் பின்னால் வீசுகிற முதல் ஆள் அவர்தான். ஏழெட்டு வருடமாக அவரை ஜெயிக்க ஆள் இல்லை.

பேர் கூடக்கூட எனக்குப் பயமும் கூடியது. போட்டி நெருங்கிவிட்டால் வெளியில் பச்சைத் தண்ணீர்கூட அவரைக் குடிக்க விடமாட்டேன். எவனாவது மருந்து வைத்துவிடுவான் என்ற பயம். கல் தூக்குகிறவர்கள் வீட்டில் எல்லாருக்கும் இது உண்டு. ஆனால் சொந்த நாத்தனார் கொடுத்தனுப்பிய பணியாரத்தையே கோழிக்குப் போட்டுப் பார்த்தவள் நான். கோழி நன்றாகத்தான் இருந்தது.

போட்டிக்கு முந்தின நாள் மத்தியானம், அவர் மண்டிக்குப் போயிருந்த நேரம், வாசலில் ஒரு ஆள் வந்து நின்றார். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை பார்ப்பவர்; என் வீட்டுக்காரருக்கு அடுத்தபடியாகக் கல் தூக்குகிறவர். கையில் ஒரு பாட்டில் மலைத்தேன்.

“அண்ணன் இல்லாத நேரம் பாத்துத்தான் வந்தேன், சேச்சி” என்றார், மலையாளம் கலந்த மலைப்பேச்சில். எனக்குச் சுருக்கென்றது.

“நாளைக்கு அவரைத் தூக்க விடாதீக. போன மாசம் தேவாரத்துல பாத்தேன். கல்லுக்குக் குனியுறதுக்கு முன்னாடி அடிவயித்துல கையை வச்சு அமுக்குனாரு. எங் கூடப்பொறந்த அண்ணனும் இப்பிடித்தான் மறைச்சாரு. கல்லைத் தூக்கையில கொடலு எறங்கி முறுக்கிக்கிருச்சு. மலையில இருந்து கீழ கொண்டாரதுக்குள்ள போயிட்டாரு. நம்பலேன்னா, கையை எடுத்துட்டு இருமச் சொல்லிப் பாருங்க.”

“எம் புருசனை ஒக்கார வச்சுட்டு நீ ஜெயிக்கப் பாக்குறியா? வந்த வழியப் பாத்துப் போ” என்றேன். அவர் பாட்டிலைப் படியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் தேனைச் சாக்கடை ஓரம் கொட்டினேன். எறும்பு மொய்த்தது. ஒன்றாவது சாகிறதா என்று, அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு வந்து வந்து பார்த்தேன். சோறு குழைந்ததுதான் மிச்சம். பொழுது சாயும்வரை எல்லாம் சுறுசுறுப்பாக ஓடிக்கொண்டிருந்தன. அப்போதுதான் எனக்கு உறைத்தது. தேனில் மருந்து இல்லையென்றால் அந்த ஆள் பேச்சிலும் சூது இல்லையோ?

மறுநாள் காலையில் என் வீட்டுக்காரர் கச்சை கட்டும்போது கதவோரம் நின்று பார்த்தேன். இடது கை தானாக அடிவயிற்றுக்குப் போனது.

“கையை எடுத்துட்டு ஒருவாட்டி இருமுங்க.”

“போயி ஒன் சோலியப் பாரு” என்று முறைத்தார். நான் வாசலை மறித்துக்கொண்டேன். வேண்டாவெறுப்பாக இருமினார். அடிவயிற்றில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம் எழும்பியது. அவ்வளவு பெரிய ஆள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“நாலஞ்சு மாசமா இருக்குடி. வெளிய தெரிஞ்சா என்னைய எவன் மதிப்பான்” என்றார். எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அன்று அவர் போட்டிக்குப் போகவில்லை. மலைக்காரர் நினைத்ததைச் சாதித்துவிட்டார் என்று அப்போதும் உள்ளுக்குள் ஒரு உறுத்தல். வேடிக்கை பார்க்கப் போன என் தம்பி வந்து சொன்னான்: மலைக்காரர் கல்லைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, தூக்காமலே ஒதுங்கிக்கொண்டாராம். “அண்ணன் வராத எடத்துல நான் தூக்கி என்ன செய்ய” என்றாராம்.

மதுரையில் ஆபரேஷன் நடந்தது. இன்னொரு முறை தூக்கியிருந்தால் ஆள் மிஞ்சியிருப்பது சந்தேகம்தான் என்றார் டாக்டர். இவர் அதோடு கல்லை விட்டுவிட்டார். அடுத்த வருடத்திலிருந்து மலைக்காரருக்குத்தான் மாலை.

வருடாவருடம் போட்டியன்று காலையில் அவர் நேராக எங்கள் வீட்டுக்கு வருவார். நான் ஊற்றும் கஞ்சியை, என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்காமல் குடித்துவிட்டுத்தான் கல்லுக்குப் போவார். அவர் செம்பைக் கீழே வைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கூசும். என் புருஷனை எனக்கு மீட்டுக் கொடுத்த மனிதர் கொண்டுவந்த தேன் எப்படி இனித்தது என்று அந்த எறும்புகளுக்குத்தான் தெரியும், எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.