ஆலிவ் எண்ணெய்க்குத் தொண்டைச் சான்றிதழ்

டைல்ஸ் ஒட்டுகிறவர் ஆலிவ் எண்ணெய் நிபுணரானது ஒரு பணக்கார வீட்டுச் சமையலறையில். அவர் முழங்காலிட்டுத் தரை போட்டுக்கொண்டிருக்க, வீட்டம்மா தோழிக்குப் பாடம் எடுத்தாள்: நல்ல எண்ணெய் அடர்நிறக் கண்ணாடிப் பாட்டிலில் இருக்கும், காய் பறித்த தேதி போட்டிருக்கும், ஒரு வாய் விழுங்கினால் தொண்டையைச் சுள்ளென்று பிடித்து இருமல் வரும். முதல் இரண்டையும் அவர் மறந்துவிட்டார். மூன்றாவது நெஞ்சில் தங்கிவிட்டது. டைல்ஸ் அறுத்த தூசி ஏற்கெனவே அங்கேதான் தங்கியிருந்தது, நல்ல துணை.

சூப்பர் மார்க்கெட்டில் ருசி பார்க்க வைத்திருந்த எண்ணெயில் ஒரு சொட்டு நாக்கில் விட்டார். இருமினார். "அசல்" என்றார் கண்ணைத் துடைத்தபடி. அடுத்ததும் அசல். அதற்கடுத்ததும். உலகத்தில் இத்தனை நேர்மையா என்று அவருக்கே நெகிழ்ந்துவிட்டது. பக்கத்தில் நின்றவர்கள் ஆளுக்கொரு பாட்டிலை எடுத்தார்கள். மேனேஜர் இதைக் கவனித்தார்.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை சும்மாதானே இருப்பீங்க? இங்க வந்து நில்லுங்க."

சம்பளம் கிடையாது, பச்சை ஏப்ரன் உண்டு. அதுவரை "ஏம்பா" என்றே கூப்பிட்ட உலகம், ஏப்ரனைக் கண்டதும் "சார்" என்றது.

"சார், இது எப்படி?"

"ரெண்டு இருமல். வறுக்கப் போதும்."

"பச்சையா ஊத்திக்க?"

"அதுக்கு மூணு இருமலாவது வேணும்மா. இதை எடுங்க."

கிடங்கில் கிடந்து கெட்டுச் சிக்கு வாடை அடித்த சரக்கையும் மேனேஜர் கொண்டுவந்து வைத்தார். அதற்கும் மூன்று கிடைத்தது.

வீட்டில்தான் மரியாதை இல்லை. "தண்ணி குடிச்சாலும்தான் இருமுறீங்க. நம்ம குழாய்ல வர்றதும் ஆலிவ் எண்ணெயா?" என்ற மனைவி, அவரை டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

"நுரையீரல் பூரா தூசி" என்றார் டாக்டர். "டைல்ஸ் அறுக்கிறதை இன்னிக்கே விடுங்க. மருந்தை ஒரு வேளைகூட விடாதீங்க. விட்டா உயிருக்கு நான் பொறுப்பில்ல."

மருந்து துரோகம் செய்தது: வேலை செய்தது. அந்த ஞாயிறு, ஐந்து பாட்டில் ருசி பார்த்தும் தொண்டை வாயே திறக்கவில்லை. கையில் எடுத்த பாட்டிலை ஓர் அம்மாள் திரும்ப வைத்தாள். மேனேஜர் அவரை ஓரமாக அழைத்தார்.

"என்னண்ணே, உடம்புக்கு முடியலையா? இருமலே காணோமே."

"மருந்து சாப்பிடுறேன் தம்பி."

"அதான் பார்த்தேன். அடுத்த வாரமும் இப்படின்னா ஏப்ரனைத் துவைச்சுக் குடுத்துடுங்க. வேற ஆள் பார்த்துக்கிறேன்."

ஒரு பக்கம் உயிர், மறுபக்கம் ஏப்ரன். நிபுணர்களுக்கே உரிய நிதானத்தோடு யோசித்து, மருந்தை வாஷ்பேசினில் ஊற்றினார். மனைவியிடம் குடித்துவிட்டதாகச் சொன்னார். தொழில் சுத்தம் கருதி, சனிக்கிழமை முகத்தில் துணிகூடக் கட்டாமல் நாள் முழுக்க டைல்ஸ் அறுத்தார்.

ஞாயிறு. முதல் சொட்டு. ஒன்று, இரண்டு, மூன்று. கூட்டம் தலையாட்டியது. நான்கு, ஐந்து. கூட்டம் நெருங்கியது. ஆறுக்குமேல் யாரும் எண்ணவில்லை. அலமாரியைப் பிடித்தார், பிடி நழுவித் தரையில் உட்கார்ந்தார். உதடு நீலம் பாய்ந்தது. இருமல் நிற்கவில்லை.

"பார்த்துக்கிட்டீங்கல்ல?" என்றார் மேனேஜர். "இதுக்கு மேல என்ன சான்று வேணும்?"

தரையில் கிடந்தவரின் தலைக்கு மேலாகக் கைகள் நீண்டன. கண்மூடித் திறப்பதற்குள் அலமாரி காலி. ஒருவர் மட்டும் பரிவோடு குனிந்து, அவர் தோளைத் தொட்டார்.

"சார், இதே எண்ணெய் அஞ்சு லிட்டர் டின்ல வருமா?"